காற்று மட்டும் போதுமா? பெட்ரோல் வர வேண்டாமா!

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோவை செட்டிபாளையம், கரி மோட்டார் ஸ்பீட்வே, காலை ஏழரை மணி. ஓடுதளத்துத் தார் இன்னும் சூடேறவில்லை. ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே எனக்குப் புயல் மாதிரி கேட்கிறது. நான் உட்கார்ந்திருப்பது 2006 மாடல் சிவப்பு ஸ்விஃப்ட், பெட்ரோல் வண்டி. ஒரு காலத்தில் மார்த்தாண்டம் சந்தையிலிருந்து மரச்சீனியும் ஏத்தன் குலையும் சுமந்துவந்த அதே வண்டி! மூன்றாவது கியர். வலதுகாலைத் தரையோடு தரையாக அமுக்குகிறேன். 3000 ஆர்பிஎம், ஒன்றுமில்லை. 3300, எங்கேயோ தூரத்து அடுக்களையில் குக்கர் விசிலடிக்கப் போகிற மாதிரி ஓர் இழுப்பு. 3600, ஐயோ, முதுகு சீட்டுக்குள்ளே போகிறது, மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டி பாய்கிறது, பக்கத்து சீட்டில் ஆசான் "விடாதே, விடாதே" என்று கத்துகிறார், நான் பார்ப்பது ஸ்பீடோமீட்டரையா? இல்லை! டேஷ்போர்டில் ஒட்டவைத்திருந்த இரண்டங்குல அகலக் குட்டி கேஜை. பெட்ரோல் பிரஷர், மூன்றரை பார். அசையவே இல்லை. ஆணியடித்த மாதிரி நிற்கிறது. "ஆசானே, மூணரை! மூணரை!" என்று நான் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள் எனக்கு லாட்டரி அடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அடித்தது லாட்டரியேதான். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். இல்லை, பொறுமையெல்லாம் வேண்டாம், எனக்கே அது இல்லை.

நான் பாறசாலைக்காரன். நெய்யாற்றின்கரை தாலுகா, கேரளத்தின் தெற்கு ஓரம். 1956 நவம்பர் 1ஆம் தேதி பக்கத்து விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் கேரளத்தில் நின்றோம். இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கே பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அதனால் எங்கள் ஊரில் பாதி வண்டிகளுக்கு நம்பர் பிளேட்டில் கேஎல் 19, வயிற்றில் தமிழ்நாட்டுப் பெட்ரோல்! தொழில், கிணற்று மோட்டார் கடை. விற்பேன், கழற்றுவேன், காயில் கட்டுவேன். எந்த வீட்டு மோட்டார் ஏன் தண்ணீர் ஏற்றவில்லை என்று சத்தத்தைக் கேட்டே சொல்வேன். இந்த அறிவு கார் விஷயத்தில் கைகொடுக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

டர்போப் பைத்தியம் எனக்கு 2001இல் பிடித்தது. 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' படம். பட்டனை அமுக்குகிறார்கள், நைட்ரஸ் சிலிண்டர் சீறுகிறது, உலகம் கோடு கோடாக ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் தூங்கினவனா நான்? அன்றிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் எனக்கு ஒரே ஜெபம், காற்று, காற்று, காற்று. எஞ்சினுக்குள் நிறையக் காற்றைத் திணித்தால் சக்தி வரும், அவ்வளவுதானே? ஆல்ஃப்ரெட் ப்யூக்கி என்கிற சுவிட்சர்லாந்து எஞ்சினியர் 1905லேயே காப்புரிமை வாங்கிய யோசனை. வெளியே வீணாகப் போகிற புகையை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற அந்தக் கையகல நத்தைக்கூட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிய அன்று ராத்திரி, அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் அறைக்குப் போய்விட்டாள்.

அந்த நத்தைக்கூட்டை மாட்டித் தந்தவர்தான் ஆசான். எங்கள் பக்கம் ஒர்க் ஷாப் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஸ்விஃப்டின் அந்த 1.3 லிட்டர் எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் சாப்பாட்டை மறந்துவிடுவார். கம்ப்ரெஷன் 9க்கு 1, அமுக்கிய காற்றைத் தாங்குகிற உடம்பு. கம்பெனி கொடுத்தது 87 குதிரைசக்தி. ஆசான் கணக்கு 120. டர்போ தள்ளுகிற கூடுதல் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், அரை பார், அதற்கு மேல் ஒரு புள்ளி கிடையாது என்று ஸ்பேனரின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆனால் மாட்டுவதற்கு முன்பே அவர் ஒன்று சொன்னார். "எடேய் மக்களே, காத்து ஓசிக்கு வரும். பெட்ரோலு வருமா?" எனக்குக் காதில் விழவில்லை. பெட்ரோல்தான் பங்கில் கிடைக்கிறதே! டர்போவைப் பார்க்கத் துடிக்கிறவனிடம் பம்பு, ஃபில்டர், ஹோஸ் என்று சொன்னால் ஏறுமா? முதலில் மாட்டிப் பார்ப்போம் ஆசானே என்று சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடித்தேன். சரி, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

எர்ணாகுளம் பக்கம் ஒரு டைனோ. உருளைமேல் வண்டியைக் கட்டிவைத்து ஓட்டிச் சக்தி அளக்கிற இடம். நான் செல்போனில் வீடியோ எடுக்கத் தயாராக நிற்கிறேன், முகமெல்லாம் பல்லாக. 3500 வரை அழகு. 4000, விசில். 4500ஐத் தொட்டது, அலுமினியப் பாத்திரத்தில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி கடகடவென்று ஒரு சத்தம். ஆசான் கால் மின்னலாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்தது. நாக்கிங். பெட்ரோல் பற்றாமல், உள்ளே சூடு ஏறி, தீப்பொறி பாய்ந்த பிறகு எரியாமல் மிச்சமிருந்த கலவை தானாகவே வெடிக்கிற ஓசை. இன்னும் நாலு செகண்ட் பிடித்திருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும். என் இருபது வருஷ ஜெபம் நாலு செகண்டில் தப்பியது. திரும்பிவரும்போது வண்டிக்குள் யாரும் பேசவில்லை. உதியன்குளங்கரை வந்ததும் ஆசான் ஒரு தட்டுக்கடையில் இறங்கிக் கட்டன்சாயா சொன்னார். "மோட்டார் கடை வச்சிருக்கியே, பத்து வீட்டுக்குப் பைப்பு போடுறியே. மாடி டேங்குக்குத் தண்ணி ஏறல்லன்னா முதல்ல எதப் பாப்பே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நிமிஷம்! மண்டைக்குள் ஒரு ரிலே 'டக்' என்று விழுந்தது. சாயா ஆறிப்போனது தெரியாமல் நான் டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட ஆரம்பித்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் இவ்வளவு ஆசையாகக் கணக்குப் போட்டதே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 9000 லிட்டர் காற்று வேண்டும். எடைக்கணக்கில் 1க்கு 14.7. அரை பார் பூஸ்ட் என்றால் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அப்போது பெட்ரோலும் ஒன்றரை மடங்கு வர வேண்டாமா? அதுவும் போதாது, டர்போ வண்டியில் முழுக்கால் அமுக்கும்போது கலவை 12க்குக் கீழே இருக்க வேண்டும், கூடுதலாகப் போகிற அந்தப் பெட்ரோல்தான் உள்ளே சூட்டைத் தணிக்கும். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று, சூட்டுக்குப் பயந்து தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்கில் சுமந்துகொண்டு ஓடியது, தெரியுமா? அவர்களுக்கே அந்தப் பாடு! டர்போ எஞ்சினில் ஒரு குதிரைசக்திக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல். 120க்குப் பெருக்கினால் 32 கிலோவுக்கு மேல், லிட்டரில் 44. அதாவது ஒரு நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர்! பஸ்ஸில் வாங்கிக் குடிக்கிற தண்ணீர் பாட்டில் அளவு பெட்ரோலை, ஊசிமுனைத் துளைகள் வழியாக, ஒரு நிமிஷத்தில்!

இப்போது பம்புக்கு வாருங்கள். என் ராஜ்ஜியம்! பெட்ரோல் டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கிற, டார்ச் லைட் பேட்டரி மாதிரி ஒரு குட்டி உருளை. நம்மூர்க் கிணற்றுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிளின் தங்கச்சி. மூன்றரை பார் அழுத்தத்தில் அது தள்ள வேண்டும். மூன்றரை பார் என்றால் தண்ணீர்க் கணக்கில் 35 மீட்டர் உயரம், பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி! கை விரல் நீளப் பம்பு பத்து மாடி ஏற்றுகிறது, யாராவது இதற்குக் கோயில் கட்டியிருக்கிறார்களா? டப்பாவின்மேல் மணிக்கு 255 லிட்டர் என்று போட்டிருந்த ஒரு பம்பை வாங்கினோம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உயரம் கூடக்கூட மோட்டார் தள்ளுகிற தண்ணீர் குறையும் என்று என் கடைக்கு வருகிற பாட்டிக்குக்கூடத் தெரியும், பெட்ரோல் பம்பும் அப்படித்தான், அழுத்தம் கூடினால் அளவு குறையும். மூன்றரை பாரில் எவ்வளவு தள்ளும் என்பதுதான் கேள்வி.

அடுத்தது வயர். இந்த இடத்தில் நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும். பம்பு முனையில் மீட்டர் வைத்துப் பார்க்கலாம் ஆசானே என்று சொன்னது நான்! பேட்டரியில் 13.8 வோல்ட். பம்பு முனையில் 11. பழைய மெல்லிய வயரிலேயே கிட்டத்தட்ட மூன்று வோல்ட் செத்துவிட்டது. ஊரில் மே மாச ராத்திரி லோ வோல்டேஜில் மோட்டார் முனகுமே, அதே கதை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர், நடுவில் ஃப்யூஸ், ஒரு ரிலே, பழைய வயர் அந்த ரிலேவை எழுப்ப மட்டும். மறுபடி மீட்டர் வைத்தோம், 13.5. பம்பின் குரலே மாறிவிட்டது, 'ம்ம்ம்' என்று முனகினது 'ங்ங்ஙீ' என்று பாட ஆரம்பித்தது. ஆசான் என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பட்டம் வாங்கினவனுக்குக்கூட அப்படி ஒரு பூரிப்பு இருந்திருக்காது.

இன்ஜெக்டர் வந்து சேர்ந்த நாளைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 6000 ஆர்பிஎம்மில் எஞ்சின் இரண்டு சுற்று சுற்ற 20 மில்லி செகண்ட், கண் சிமிட்டுகிற நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் இன்ஜெக்டர் திறந்து, தூவி, மூட வேண்டும். அதிலும் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து கிடக்கக் கூடாது, கிடந்தால் சூடாகிக் கட்டுப்பாடு போய்விடும். முக்கால் லிட்டரை நாலாகப் பங்கிட்டு, அந்த 80 சதவீதத்தையும் கணக்கில் சேர்த்தால், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 230 மில்லியாவது தூவ வேண்டும். கொஞ்சம் கையிருப்பும் வைத்து 270க்குப் போனோம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அல்லவா? எத்தனாலில் சூட்டுச்சத்து குறைவு, அதே சக்திக்கு ஆறேழு சதவீதம் அதிகம் ஊற்ற வேண்டும், அதற்கும் இந்தக் கையிருப்பு வேண்டும். பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் தின்றுவிடும் என்று டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார் ஆசான். மாட்டுவதற்கு முன்னால் நாலு இன்ஜெக்டரையும் நாலு கண்ணாடிக் குழாய்மேல் வைத்து ஓட்டிக் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தூவலைப் பார்க்க வேண்டுமே! மார்கழி விடியலில் நெய்யாற்றுமேல் நிற்குமே, அந்த மூடுபனி மாதிரி. நாலு குழாயிலும் மட்டம் ஒரே கோட்டில் ஏறுகிறது. நான் பத்து தடவை போடச் சொன்னேன். பதினோராவது தடவை அவர் ஸ்விட்சைப் பிடுங்கிக்கொண்டார்.

கடைசியாக ரெகுலேட்டர். இதுதான் என் மனசைக் கொள்ளைகொண்ட சாமான். எலுமிச்சம்பழ அளவு. பூஸ்ட் இருக்கிற அறைக்குள் பெட்ரோலைத் தூவுவது எதிர்க்காற்றில் துப்புவது மாதிரி. உள்ளே அரை பார் எதிர்த்தால் மூன்று பார் பெட்ரோல் இரண்டரையாகத் தளர்ந்துவிடும். அதனால் எஞ்சினிலிருந்து ஒரு குட்டிக் குழாய் இந்த ரெகுலேட்டரின் காதுக்குப் போகிறது. "உள்ளே அரை பார் ஏறியிருக்கு" என்று அது ரகசியம் சொன்னதும், ரெகுலேட்டர் பெட்ரோலையும் அதே அரை பார் ஏற்றுகிறது. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இல்லை, ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங்! புதுக்காலத்து வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் ஒருவழிப் பாதை. ஆசான் மீதிப் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போகத் தனிக் குழாய் இழுத்தார். எல்லாம் மாட்டி, எஞ்சினை ஆளுகிற கம்ப்யூட்டரான ஈசியுவும் தனியாக வைத்து, மறுபடி அதே டைனோ. 4500, நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடகடப்பு இல்லை. 5000. 6000. கண்ணைத் திறந்தால் கலவை மீட்டர் 11.8இல் தேங்கி நிற்கிறது, முன்பு சக்கரத்தில் 71 காட்டின திரை 104 காட்டுகிறது. நாற்பத்தைந்து வயசு ஆள் டைனோ ஷெட்டில் குதிக்கலாமா? குதித்தேன்.

பிறகு கரி. அந்தத் தளம் யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார் செய்து, நம் பையன்களுக்குப் பந்தயத்தைக் கைக்கெட்டும் விலையில் கொடுத்த எஸ். கரிவரதன். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். இந்தத் தளத்தில் எத்தனையோ எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயங்கள் நடந்திருக்கின்றன, அந்தக் கார்களுக்குள் உறுமுவதும் மாருதியின் 1.3 லிட்டர்தான், என் மரச்சீனி வண்டியின் சொந்தக்காரர்கள்! வண்டியை லாரியில் ஏற்றி, களியக்காவிளையில் டேங்க் நிரப்பி, 400 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி முழுக்க ஓடிவந்து இறக்கினோம். எனக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்லை. இப்போது மறுபடி அந்த நேர்ப்பாதைக்கு வாருங்கள், என்னோடு உட்காருங்கள், பெல்ட்டை இழுத்து மாட்டுங்கள். மூன்றாவது கியர், விசில் ஏறுகிறது, பின்னால் பம்பு பாடுகிறது, எனக்கு அது கேட்கிறது, இவ்வளவு இரைச்சலிலும் என் காதுக்கு அது மட்டும் தனியாகக் கேட்கிறது, டேங்கில் முங்கிக் கிடக்கிற அந்த விரல் நீள உருளை பத்து மாடி ஏற்றிக்கொண்டிருக்கிறது, தடித்த வயரில் மின்சாரம் தண்ணீராய் ஓடுகிறது, ரெகுலேட்டர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது, நாலு இன்ஜெக்டரும் நெய்யாற்று மூடுபனியைத் தூவுகின்றன, 5000, 5500, கேஜ் மூன்றரை, 6000, கேஜ் மூன்றரை, நாலாவது கியர், 'ப்ஷ்ஷ்' என்று டர்போ பெருமூச்சு விடுகிறது, மறுபடி இழுப்பு, மறுபடி மூன்றரை, கண்ணில் தண்ணீர், காற்றாலா அழுகையாலா எனக்கே தெரியாது, ஹெல்மெட்டுக்குள் காற்று வர வழியில்லை, அப்படியென்றால் அழுகைதான், "பிரேக்கப் பிடிலேய்!" என்று ஆசான் அலறுகிறார், முன்னால் வளைவு, பிடித்தேன், சிரித்தேன், வளைந்தோம்!

குறையே இல்லையா என்பீர்கள். மைலேஜைக் கேட்காதீர்கள், நான் கேட்டுக்கொள்வதில்லை. சட்டம்? அதைச் சொல்லியாக வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றி வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. அதை உறுதியாகச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பே 2019 ஜனவரியில் நம் கேரளத்து வழக்கில் வந்ததுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் லாரி, அதனால்தான் ஓடுதளம். வீட்டுக்கும் கடைக்கும் நான் இப்போது ஸ்கூட்டரில் போகிறேன். அதற்காக வருத்தமா? ஸ்கூட்டர் பெட்ரோல் டியூபைப் பார்த்தாலும் எனக்கு இப்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நைட்ரஸ் ஆசை விட்டுவிட்டதா என்று கேட்கிறீர்களா? விடுமா! ஆனால் இப்போது என் ஆசைக்குப் புத்தி வந்திருக்கிறது. பல் டாக்டர் வைத்திருக்கிற அதே சிரிப்பு வாயு, சிலிண்டருக்குள் 60 பாருக்கு மேல் அழுத்தம், எஞ்சின் சூட்டில் பிரிந்து ஆக்ஸிஜனைக் கொட்டும். எடையில் 36 சதவீதம் ஆக்ஸிஜன், நாம் மூச்சுவிடுகிற காற்றில் 23தான். பட்டனை அமுக்கின அந்தக் கணத்திலேயே அதற்குரிய பெட்ரோலும் கூடவே பாய வேண்டும். அதற்கென்றே இரண்டாவது சோலனாய்டு வால்வு ஒன்று பெட்ரோலுக்கு வைப்பார்கள். பெட்ரோல் பிரஷர் ஒரு நொடி தளர்ந்தால் போதும், பிஸ்டன் உருகிவிடும். அந்தப் படத்தில் பட்டனைக் காட்டினார்கள், சிலிண்டரைக் காட்டினார்கள், பின்சீட்டுக்கு அடியில் முங்கிக் கிடந்து சோறுபோட்டவளைக் காட்டினார்களா?

என்னை மாதிரி டர்போப் பைத்தியம் பிடித்த தம்பிகளுக்கு ஒரே வார்த்தை. பூஸ்ட் கேஜ் வாங்க வைத்திருக்கிற காசில் முதலில் பெட்ரோல் பிரஷர் கேஜ் வாங்குங்கள். பம்பு முனையில் வோல்ட் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டிக்குள் ஒரு தீயணைப்பான் வையுங்கள். காற்றை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம். மீட்டர் இல்லையென்றால் பாறசாலைக்கு வாருங்கள், என் கடையில் ஒன்று இருக்கிறது.